பிடித்த பொருளா, தேடப்படும் பொருளா? மலையிலிருந்து அஃபிலியேட் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் விற்கும் பொருளைப் பரிந்துரைத்து, நம் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவது) தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். சிலர் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதுவார்கள்: ஆர்த்தடாக்ஸ் தேயிலை, தோடர் பூவேலைச் சால்வை, பறவை பார்க்க நல்ல பைனாகுலர். படிப்பவர்கள் மனதாரப் பாராட்டுவார்கள், வாங்க மாட்டார்கள். வேறு சிலர் எது அதிகம் தேடப்படுகிறதோ அதன் பின்னால் ஓடுவார்கள்: இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், எடை குறைக்கும் பவுடர். அதையே நாடு முழுக்க எத்தனையோ பேர் பெரிய கேமராவும் ஆள்பலமும் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அங்கே கேட்டதை இங்கே திருப்பிச் சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை.

எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது என்பதை வாங்குபவரிடம் விட்டுவிடுங்கள். பதில் என்ன என்பதை மட்டும் உங்கள் ருசியும் கைப்பழக்கமும் முடிவு செய்யட்டும். கேள்வியையும் நீங்களே உண்டாக்கினால் கூட்டம் வராது. பதிலையும் சந்தையிடம் விட்டுவிட்டால் நம்பிக்கை வராது. கீழே உள்ள எல்லாமே இந்தப் பிரிவினையை நடைமுறையில் காப்பாற்றுவதற்கான வேலைகள்தான்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டை எடுத்து, குறைந்தது ஒரு வருடம், அதாவது ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும், நீங்கள் பயன்படுத்திய பொருள்களை எழுதுங்கள். இருபது வந்தால் போதும். கீசர், குக்கர், ரெயின்கோட், தெர்மல் உள்ளாடை, பிளாஸ்க், டார்ச், தேயிலை, செடிக்கு மூடும் வலை, பூட்ஸ், அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுத முயலுங்கள்: அதன் குறை என்ன, அதற்குப் பதிலாக வேறு எதை வாங்கலாம். குறையே எழுத வராத பொருளை அடித்துவிடுங்கள். ஒன்று, நீங்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. இல்லையென்றால் அதன் மேல் உள்ள பாசம் கண்ணை மறைக்கிறது. இரண்டில் எதுவானாலும் அதைப் பற்றி எழுதினால் விளம்பரம் மாதிரிதான் இருக்கும்.

இருபதில் எட்டோ பத்தோ தேறும். உங்கள் ருசி என்று சொல்லத் தகுந்தது அவ்வளவுதான்.

தேடல் இருக்கிறதா என்று பார்ப்பது

தேறிய ஒவ்வொரு பொருளையும் கூகுள் தேடல் பெட்டியிலும், யூடியூபிலும், விற்பனைத் தளத்தின் தேடல் பெட்டியிலும் தட்டிப் பாருங்கள். மூன்று விதமாகத் தட்ட வேண்டும்: தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, நேர் ஆங்கிலத்தில். தமிழில் பேசுபவர்கள் தமிழ் எழுத்தில்தான் தேடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தட்டத் தட்டக் கீழே விழும் பரிந்துரைகள்தான் மற்றவர்கள் உண்மையில் கேட்ட கேள்விகள். அவற்றை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தின் பெட்டியில் வருவதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அங்கே தேடுபவர் பணத்தோடு வந்திருக்கிறார்.

அடுத்து, ஒரு சொல்லைத் தேடுவது காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ். இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தை ஐந்து ஆண்டுகள் என்றும் வையுங்கள். அதில் தெரியும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. அந்தச் சொல் உச்சத்தில் இருந்தபோது 100 என்று வைத்து, மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆகவே ஒரே ஒரு சொல்லின் கோட்டைப் பார்த்து மகிழ வேண்டாம். உங்களுக்கு அளவு தெரிந்த ஒரு சொல்லையும் சேர்த்துப் போட்டு ஒப்பிடுங்கள். கோடு பல வாரம் பூஜ்யத்தில் கிடந்து திடீரென்று குத்தி எழுந்தால், தேடல் மிகக் குறைவு என்று பொருள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தேடுபவர் எல்லோரும் வாங்க வந்தவர்கள் அல்ல. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும் என்றானபின், அதைப் பற்றிக் கேட்பவர்கள் ஏராளம். அந்தக் கேள்விக்குப் பின்னால் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. அதைப் பற்றி எழுதினால் ஆட்கள் வருவார்கள், பாஸ் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘மே மாதம் ஊட்டிக்குக் குழந்தைக்கு என்ன துணி எடுத்துப் போவது’ என்று கேட்பவர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம், ஆனால் அவர் கையில் பட்டியல் இருக்கிறது.

கேள்விகளைத் தேட இன்னொரு நல்ல இடம், பொருளின் மூன்று நட்சத்திர விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரத்தில் புகழ்ச்சி, ஒன்றில் கோபம். மூன்று கொடுப்பவர்தான் ‘இது சரி, ஆனால் இந்த இடத்தில் இப்படி’ என்று எழுதுகிறார். அந்த ‘ஆனால்’ உங்களுக்கு வேலை கொடுக்கும்.

தேயிலை: ருசியும் சந்தையும் நேருக்கு நேர் மோதும் இடம்

நீலகிரியில் இருந்துகொண்டு டீயைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மலையில் டீயை ரசிப்பவருக்கு இலை முழுசாகத் தெரியும் ஆர்த்தடாக்ஸ் பிடிக்கும். அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் நாள்களில் பறித்த இலை என்றால் கேட்கவே வேண்டாம், பால் சேர்ப்பதே பாவம் என்பார். ஆனால் நீலகிரியிலேயே பெரும்பகுதி, இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாகச் சுருட்டும் சிடிசி முறையில்தான் தயாராகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் கொதிப்பது டஸ்ட் எனும் பொடித் தூள், அதுவும் பாலோடு. தேடலும் அதைத்தான் சொல்லும்: ‘பால் டீக்கு நல்ல தூள்’, ‘டீக்கடை ருசி’, ‘ஸ்ட்ராங் டீ’.

ருசிக்காரர் செய்யும் தவறு, பால் டீ கேட்டு வந்தவரிடம் ஆர்த்தடாக்ஸை உயர்த்திப் பேசுவது. அவர் நம்பி வாங்குவார். வழக்கம்போல பாலில் போட்டுக் கொதிக்க விடுவார். சாயம் இறங்காது, கசப்பு மட்டும் வரும். ‘இவ்வளவு விலை கொடுத்துத் தண்ணி மாதிரி இருக்கு’ என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த முறை உங்கள் பேச்சு எதையும் கேட்க மாட்டார். இலையில் குறையில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு, நீங்கள் சொன்ன பதில் வேறு.

தலைப்பும் முக்கால் பாகமும் பால் டீக்கே போகட்டும். மலைத் தூளில் எது சாயம் தரும், எது மணம் தரும், இரண்டையும் எந்த அளவில் கலக்கலாம் என்று உங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லுங்கள். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் டஸ்ட், தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதித்தபின் பால் என்று அளவோடு எழுதுங்கள். கடைசிக் கால் பாகத்தில், பால் இல்லாமல் குடித்துப் பார்க்க விரும்புபவருக்கு மட்டும் என்று சொல்லி ஆர்த்தடாக்ஸை அறிமுகப்படுத்துங்கள். 200 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம், மூன்று நிமிடம், வடிகட்டிவிட வேண்டும், கொதிக்க வைக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது, எனவே அடுப்பிலிருந்து இறக்கி நேராக ஊற்றலாம். பனிக்கால இலையை அதே மாதிரி சென்னையில் போடுபவர், தண்ணீர் கொதித்தபின் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். லிங்க் கொடுக்கும்போது கால் கிலோவுக்குக் கொடுக்காமல் 50 கிராம் பாக்கெட்டுக்குக் கொடுங்கள். கமிஷன் சில்லறையாக வரும். ஆனால் அந்த 50 கிராமைக் குடித்துப் பிடித்துப் போனவர் உங்கள் ஆளாகிவிடுவார்.

மலையில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்தது

உங்கள் அனுபவத்துக்கு உண்மையான விலை கிடைப்பது, எல்லோரும் விற்கும் பொருள் மலையில் வேறு விதமாக நடந்துகொள்ளும் இடங்களில்தான்.

கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நாடு முழுக்கப் பரவலாக விற்கும் பொருள். குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் அது தண்ணீரை ஏறக்குறைய 21 டிகிரி உயர்த்தும். சென்னையில் 28 டிகிரியில் வரும் தண்ணீர் 49 ஆகிறது, அருமை. ஜனவரியில் ஊட்டித் தொட்டியிலிருந்து 10 டிகிரியில் வரும் தண்ணீர் 31தான் ஆகும். அதில் குளித்தால் நடுங்கும். 15 லிட்டர் தொட்டி உள்ள 2 கிலோவாட் கீசரில் 12 டிகிரித் தண்ணீர் 45க்கு வர 17 நிமிடம் ஆகும், சமவெளியில் 28லிருந்து 45க்கு 9 நிமிடம். இந்தக் கணக்கை எழுதிவிட்டு, ‘மலையில் காட்டேஜ் நடத்துகிறீர்களா, இன்ஸ்டன்ட் வாங்காதீர்கள், தொட்டி உள்ளதை வாங்குங்கள்’ என்று சொன்னால் அதை மறுக்க ஆள் இல்லை. கீசர் வாங்குபவர் தேடல் நிறைய இருக்கிறது. அதில் மலைப்பகுதி, குளிர் பிரதேசம் என்று தேடுபவர்களுக்குச் சரியான பதில் குறைவாக இருக்கிறது.

அறைக் காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹ்யூமிடிஃபையரும் அப்படியே. பெட்டியின் மேல் ‘நாளுக்கு 10 லிட்டர்’ என்று போட்டிருப்பது பொதுவாக 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் அறையில் அளந்தது. கம்ப்ரஸர் வகை இயந்திரம் 15 டிகிரிக்குக் கீழே திணறும். குளிர்ச்சுருளில் பனி கட்டிக்கொள்ளும், தண்ணீர் இறங்குவது குறையும். ஊட்டி, கொடைக்கானல் இரவுகளுக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகைதான் பொருந்தும், விலை கூடினாலும். கேமரா வைத்திருப்பவருக்கு அறை முழுக்கக் காய வேண்டியதில்லை. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும் சிறிய டிரை கேபினெட் போதும். இதைச் சொன்னால் பெரிய பொருளின் கமிஷன் போகும். போகட்டும். ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்ற ஒரு வரிதான், அடுத்து நீங்கள் ‘வாங்குங்கள்’ என்று சொல்லும்போது அதற்கு எடை கொடுக்கும்.

தண்ணீர் பாட்டிலில் மலையின் விதியே வேலை செய்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், ஏறி வருபவருக்கு ஸ்டீல் பாட்டிலோ பிளாஸ்கோ கண்டிப்பாக வேண்டும். எதை வாங்குவது என்று சொல்ல உங்களுக்குத் தெரியும்.

எதைப் பரிந்துரைக்கும் முன்னும், மலை வாசகருக்கான பொருள் என்றால், ஊட்டி 643001, கொடைக்கானல் 624101 ஆகிய பின்கோடுகளைப் போட்டு டெலிவரி உண்டா என்று பார்த்துவிடுங்கள். பெரிய சாமான்கள் கோவைக்கும் மதுரைக்கும் வரும், மேலே ஏறாது. ஏறினாலும் பழுதுபார்க்க ஆள் வருவாரா என்பதையும் விசாரித்து எழுத வேண்டும்.

எப்போது வெளியிடுவது

கம்பளித் துணியும் ரெயின்கோட்டும் தேடுபவர் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்புதான் தேடுவார். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் கூட்டம் உச்சம். அதற்கான பதிவை மார்ச் முதல் வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், தேடலில் ஏறி உட்கார அதற்கு அவ்வளவு நாள் ஆகும். மழைப் பொருளில் ஒரு நுணுக்கம்: கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர் தொடங்கிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு பருவம். ஒரே பதிவில் இரண்டையும் அடைக்காமல் தனித்தனியாக எழுதினால், இரண்டு முறை பலன் தரும்.

ஒரு கிளிக்கின் மதிப்பு

கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. நூறு கிளிக்குக்கு எவ்வளவு கைக்கு வருகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, சதவீதங்களை நாமாக வைத்துக்கொள்வோம். 300 ரூபாய்த் தேயிலை, 5 சதவீதம், நூறு பேரில் நாலு பேர் வாங்கினால் 60 ரூபாய். 1,500 ரூபாய் ஜாக்கெட், 6 சதவீதம், மூன்று பேர் வாங்கி ஒருவர் திருப்பி அனுப்பினால் 180 ரூபாய். 8,000 ரூபாய் டிரை கேபினெட், 4 சதவீதம், ஒரே ஒருவர் வாங்கினால் 320 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் கேபினெட்தான் சிறந்தது என்று தோன்றும். மாதம் எத்தனை கிளிக் வரும் என்பதையும் பெருக்குங்கள். கேபினெட் பதிவுக்கு மாதம் 30 கிளிக் வந்தால் 96 ரூபாய். மே மாதம் ஜாக்கெட் பதிவுக்கு 400 கிளிக் வந்தால் 720 ரூபாய். ஜாக்கெட் அந்த மாதத்தோடு அடங்கிவிடும், கேபினெட் வருடம் முழுக்கச் சொட்டும். இரண்டும் வேண்டும். தேயிலை காசுக்காக அல்ல, உங்கள் பெயருக்காக.

பத்துப் பதிவு போட்டால் ஆறு நல்ல தேடல் உள்ளதாகவும், மூன்று குறைந்த தேடலும் ஆழ்ந்த அனுபவமும் உள்ளதாகவும், ஒன்று முழுக்க முழுக்க உங்கள் ஆசைக்காகவும் இருக்கட்டும் என்பது எங்கள் கணிப்பு. அந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். குறிஞ்சி 2018ல் பூத்தது, அடுத்து 2030. அதைப் படம் பிடிக்க என்ன லென்ஸ் என்று இன்றைக்குத் தேடுபவர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக அதைப் பற்றி எழுதி வருபவரைத்தான் 2030ல் தேடி வருவார்கள்.

எண்ணைப் படிப்பது

பதிவுக்கு ஆள் வருகிறார், லிங்கைத் தொடவில்லை என்றால், கேள்வி தவறு: தகவல் தேடுபவரைப் பிடித்திருக்கிறீர்கள். தொடுகிறார், வாங்கவில்லை என்றால் விலையோ டெலிவரியோ ஸ்டாக்கோ இடிக்கிறது. வாங்கித் திருப்பி அனுப்புகிறார் என்றால் பதில் தவறு. பூட்ஸிலும் ஜாக்கெட்டிலும் இது சைஸ் சிக்கல். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்பவர் ஒரு சைஸ் கூட வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே திரும்பி வருவது குறையும். திரும்பிய பொருளுக்குக் கமிஷன் கிடையாது.

எப்போது கைவிடுவது? உங்கள் வழக்கமான விற்பனை நூறு கிளிக்குக்கு 2 என்றால், நல்ல பொருளே முதல் நூறில் ஒன்றும் விற்காமல் போக 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இருநூறிலும் ஒன்றும் விற்காமல் போக 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே நூறில் அவசரப்படாதீர்கள், இருநூறில் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

விதிகள்

கமிஷன் வாங்குவதை மறைக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2022ல் வந்த விளம்பர வழிகாட்டு விதிகளும் அதைக் கட்டாயமாக்குகின்றன. தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. ‘இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது’ என்று முதல் லிங்குக்கு மேலேயே தமிழில் எழுதுங்கள். வீடியோ என்றால் வாயாலும் சொல்லுங்கள். உங்கள் தளத்தில் உள்ள அஃபிலியேட் லிங்குகளின் நிரலில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியைக் கொடுக்க வேண்டும் என்பது 2019 முதல் கூகுள் சொல்லும் முறை.

அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்தால் 180 நாளுக்குள் மூன்று விற்பனை நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே மே மாதத்துக்கு முன் விண்ணப்பிப்பது மலைக்காரருக்கு நல்லது. கிளிக் செய்தவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ கூடையில் போட்டாலோதான் உங்கள் கணக்கில் சேரும். உங்கள் லிங்கில் நீங்களே வாங்கக் கூடாது. மின்னஞ்சலிலும் அச்சடித்த நோட்டீஸிலும் லிங்க் போடக் கூடாது. விலையைக் கையால் எழுதி வைக்கவும் கூடாது, மாறிக்கொண்டே இருக்கும். கமிஷன் ஆண்டு வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் தருவார்கள். பான் எண் சரியாகக் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரரோடு நேரடி ஏற்பாடு

மலைப்பூண்டு, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், பூவேலை விற்பவர்கள் பலருக்கு அஃபிலியேட் திட்டமே இருக்காது. உங்கள் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றால், நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் பெயரில் ஒரு கூப்பன் குறி, அதில் வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு சதவீதம், மாதம் எந்தத் தேதிக்குள் பணம், திரும்பிய ஆர்டருக்கு என்ன கணக்கு, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் பேச்சு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019லும் தோடர் பூவேலை 2013லும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரில் விற்பவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பெயரை நம்பி வாங்குபவர் உங்களையும் நம்பித்தான் வாங்குகிறார்.

கூரியர் விஷயத்தையும் வாசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் சாக்லேட் கீழே போய்ச் சேருவதற்குள் உருகிவிடும். அந்த இரண்டு மாதமும் சாக்லேட் லிங்கை எடுத்துவிட்டு, பூண்டையும் தேயிலையையும் வையுங்கள்.